சிப்பாய்ப் படைக்கு ஒரு கூட்டணிக் கொடி

மச்சான்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் அப்படிக் கேட்க மனம் வரவில்லை. நாற்பது வருஷம் ஆள் உயர எழுத்தைச் சுவரில் போட்டவன் நான். யாராவது சாக்பீஸில் கோடு இழுத்துக் கொடுத்தால் பிசிறில்லாமல் பெயிண்டால் நிரப்பிவிடுவேன். அது என்ன எழுத்து என்று மட்டும் தெரியாது. இப்போது தெரிகிறது, ஆனால் கை நடுங்குகிறது. 'ழ' போடப் போனால் பேனா வழுக்கிக்கொண்டு கீழ் வரியில் போய் நிற்கிறது. நிற்கட்டும். எனக்கும் அவசரமில்லை, உனக்கும் இனி எங்கேயும் பஸ் பிடிக்க வேண்டியதில்லை. மெதுவாகப் படி.

இன்று காலை உன் டப்பாக்களில் ஒன்றைத் திறந்தேன். பல் செட்டை வைத்துக் கொடுப்பாயே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் ஆறு ஈயச் சிப்பாய்கள். மூடியைத் தூக்கியதும் உன் சிதம்பரம் கடை மூக்கில் ஏறியது. ஈறு செய்கிற ரோஸ் மாவில் ஒரு மருந்து ஊற்றுவாயே, அந்தக் காட்டமான வாடை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாடை போகவில்லை.

அந்தக் கடைக்கு நான் முதலில் வந்தது முன்பல் நாலும் விழுந்த வருஷம். தேர்தல் நேரம். மேல வீதிப் பக்கத்துச் சுவர்களில் வேலை செய்துகொண்டிருந்தேன். நீ என் வாய்க்குள் அச்சு மாவைத் திணித்துவிட்டு, "கடிங்க, பேசாதீங்க" என்றாய். பேச முடியாமல் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் வரிசையாகப் பல் செட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. சுண்டுவிரல் உயரத்துக்கு ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள், துப்பாக்கி, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு. நடுவில் ஒருவன் கையில் கொடி. மாவை நீ எடுத்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும்.

"கொடி காத்துல பறக்கலயே சார். அட்டை மாதிரி நிக்குது."

"நீங்க இன்னா வேல செய்றீங்க?"

"சொவுத்துல கட்சிக் கொடி போடுவேன்."

"எந்தக் கட்சிக்கு?"

"எல்லாக் கட்சிக்கும் போடுவேன். ஓட்டு மட்டும் ஒருத்தனுக்கு."

நீ சிரித்த சிரிப்பில் மேஜை மேல் இருந்த பற்கள் எல்லாம் ஆடின. பல்லை ராவிச் சரிசெய்ய மூன்றாவது தடவை வந்தபோது நாம் மச்சான் ஆகிவிட்டோம்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள். நீ மாதா கோயிலில் பூசை முடிந்து வருவாய். நான் மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளில் முதுநகரில் இருக்கிற உன் வீட்டுக்கு வருவேன். சாப்பாட்டு மேஜையின் மேல் பெரிய பிளைவுட் பலகை. அதில் தேவனாம்பட்டினத்து மணலை அரித்து ஒட்டி, கோட்டைச் சுவர் எழுப்பி, கடலுக்கு நீலம் பூசி வைத்திருந்தாய். 1783-இல் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் நம் கடலூரிலேயே மோதிக்கொண்ட சண்டை அது. நம் ஊரில் இவ்வளவு பெரிய சண்டை நடந்தது எனக்கு அதுவரை தெரியாது. இஞ்சு டேப்பால் அளந்து படையை நகர்த்த வேண்டும், தாயக்கட்டை உருட்டிச் சுட வேண்டும். கொடி பிடிக்கிறவன் விழுந்தால் அந்தப் படை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், நகரக் கூடாது. இது நீ வைத்த சட்டம்.

படையை நீ வார்ப்பாய். உடுப்புக்கு நிறமும் நீதான். கொடி மட்டும் என் வேலை. கட்டைவிரல் நகம் அளவு மெல்லிய காகிதத்தை ஊசியில் சுற்றி ஒட்டி, ஈரம் காய்வதற்குள் விரலால் மடித்து விட்டால் காற்றில் பறக்கிற மாதிரி நிற்கும். பிறகு ஜீரோ நம்பர் பிரஷ். நீ உன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பாய், நான் போடுவேன். எங்கெங்கோ எழுதிக் கேட்டும், கம்ப்யூட்டர் சென்டரில் படம் எடுத்தும் நீ சேர்த்த விவரங்கள் எல்லாம் அந்த நோட்டில் இருந்தன. பிரெஞ்சுக்காரனுக்கு நடுவில் வெள்ளைச் சிலுவை. மூலைக்கு ஒன்றாக நாலு கட்டம், அதன் நிறம் படைக்குப் படை மாறும். ஒரு கொடி முழுக்க வெள்ளை.

"சிலுவை போட்டிருக்கான்னு உன் ஆளுங்களுக்கு மட்டும் நல்ல துணியா குடுக்கறியா மச்சான்?" என்று கேட்டேன்.

"அடப் போடா. இங்கிலீஷ்காரன் கொடியிலயும் சிலுவதான். வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ."

எண்ணிப் பார்த்தேன். காலண்டரில் பார்த்த இங்கிலீஷ் கொடியில் மூலைக்கு மூலை வெள்ளைக்குள் ஒரு சிவப்புக் கோடும் ஓடும். உன் படத்தில் அது இல்லை. "குறுக்குச் செகப்பு எங்க?" என்றேன். "அது இன்னும் வரல. இன்னும் பதினெட்டு வருஷம் ஆவும்" என்றாய், ஏதோ அடுத்த பஸ் எப்போது என்று கேட்டவனுக்குச் சொல்வதைப் போல.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், கட்சிக் கொடியில் மேலே வர வேண்டிய நிறத்தைக் கீழே வைத்துவிட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. சுவர் முழுக்க மறுபடி வெள்ளையடித்துத் திரும்பப் போட வைத்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கொடி தப்பாக இருந்தால் அது வேறு ஆளுடைய கொடி, அவ்வளவுதான். நீ அதையே வேறு விதமாகச் சொன்னாய். "ரெண்டு பக்கமும் சிப்பாய்ங்க நம்ப ஊருக்காரங்க மச்சான். ஒரே நெறம், ஒரே மூஞ்சி. கொடி ஒண்ணுதான் யார் எந்தப் பக்கம்னு சொல்லுது."

அப்படித்தான் சிப்பாய்ப் படைக்கு வந்தோம். பிரெஞ்சுக்காரன் பக்கம் நின்ற நம் ஆட்கள். அன்றைக்கு உனக்கு இருமல், நோட்டை எடுக்கவில்லை. வாயாலேயே சொன்னாய். "மைசூர்க்காரனும் பிரெஞ்சுக்காரனும் கூட்டு மச்சான்." எனக்கு அது போதும். கூட்டு என்றால் கூட்டணி. கூட்டணிக்கு எப்படிக் கொடி கட்டுவது என்று எனக்கா தெரியாது? பிரச்சார ஜீப்பில் ஒரே கம்பில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டுவார்கள். பெரிய கட்சி மேலே, சின்னக் கட்சி கீழே. வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் உட்கார்ந்தேன். மேலே வெள்ளைச் சிலுவை, கீழே மைசூர்க்காரனுக்குப் பச்சையில் புலிவரி, இரண்டும் ஒரே கம்பில். புலிவரியைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் கையில் வைத்தேன்.

நீ ரொம்ப நேரம் பார்த்தாய். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாய். "பிரமாதம் மச்சான்" என்றாய். அந்தப் படையைக் கோட்டை வாசலுக்கு நேரே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாய். நான் போட்ட எல்லாக் கொடியிலும் எனக்கு உயிர் அதுதான்.

நீ போய் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் மகள் ஸ்டெல்லா அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். "அங்கிள், இது உங்களுக்குத்தான்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு" என்றாள். கையில் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். எனக்கு எழுத்து சொல்லித் தருவதாக நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்! "நீ பல்ல மட்டும் பாரு" என்று ஒவ்வொரு தடவையும் வாயை அடைத்தேன். இப்போது வாயை அடைக்க நீ இல்லை, நோட்டு மட்டும் இருக்கிறது. மறுநாளே முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வகுப்பில் நானும் பதினோரு பெண்களும். எழுபத்தொரு வயதில் 'அ' போட்டேன்.

என்ன சந்தோஷம் தெரியுமா! பஸ் நிற்பதற்குள் போர்டைப் படித்துவிடுவேன். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, கல்யாண போஸ்டர், எதையும் விடுவதில்லை. வண்டிப்பாளையம் போகிற வழியில் நான் போட்ட பழைய சுவர் ஒன்று அழியாமல் இருக்கிறது. அதன் எதிரில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடித்ததும் நடுரோட்டில் சிரித்துவிட்டேன். அட, இவனுக்கா நான் இவ்வளவு அழகாக ஓட்டுக் கேட்டேன்!

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் ஊர்ச் சரித்திரக் கண்காட்சி என்று ஒரு குழு ஏற்பாடு செய்தது. ஸ்டெல்லா போய்ப் பேசி, உன் மேஜைக்கு இடம் வாங்கினாள். கடலூர்ச் சண்டையைக் கடலூரில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதானே நீ ஆசைப்பட்டது. திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் பலகையைக் கொண்டுபோய்ப் படைகளை நிறுத்தினோம். குழுவின் செயலாளர் வந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் இரண்டு போன்.

"இன்னா பெரியவரே, வெள்ளக் கொடி? சண்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சரண்டர் ஆயிட்டாங்களா?"

பக்கத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அன்னிக்கு அவுங்க கொடி அதான் சார்."

"பாண்டிச்சேரி போனதே இல்லயா நீங்க? நீலம், வெள்ள, செகப்பு. சின்னப் புள்ளகூடச் சொல்லும். மாத்திப் போட்டுருங்க. இங்கிலீஷ் கொடியிலயும் குறுக்குக் கோடு விட்டுப்போச்சு பாருங்க."

"விட்டுப் போவல. அப்ப அது வரல."

"யாரு சொன்னது?"

"என் மச்சான்."

"அவரு இன்னா புரொபசரா?"

"பல்லு கட்றவரு."

மறுபடியும் சிரிப்பு. அவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "இங்க பாருங்கம்மா. எழுத்துல எதனா ஆதாரம் இருந்தா கொண்டாங்க. இல்ல, கொடிய மாத்துங்க. ரெண்டும் இல்லன்னா இந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். ஜனங்க பாத்து சிரிக்கிற மாதிரி வைக்க முடியாது."

அவர் போனதும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திடலாமா அங்கிள்? அப்பா ஆசப்பட்டது இங்க வைக்கணும்னுதான?"

"கடலூர்ச் சண்டைய வைக்கணும்னு ஆசப்பட்டாரு. கொடிய மாத்தினா இது வேற எவனோ போட்ட சண்டம்மா."

வீட்டுக்கு வந்து உன் நோட்டை எடுத்தேன். அதுவரை முன்னால் நாலைந்து பக்கம்தான் படித்திருந்தேன். உன் கையெழுத்து வகுப்பில் பார்க்கிற அச்சு எழுத்து மாதிரியா இருக்கிறது? எறும்பு ஊர்வது மாதிரி. இரண்டு நாள் தேடினேன். இரண்டாவது நாள் பிற்பகலில் கிடைத்தது. இடது பக்கத்தில் எல்லாம் இருந்தது. வெள்ளைக் கொடி, நாலு கட்டம், எந்தப் படைக்கு எந்த நிறம், எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம். சண்டை நடந்தபோது அவர்களுக்கு ராஜா இருந்தான், மூன்று நிறக் கொடி ராஜா போன பிறகு வந்தது என்றும் எழுதியிருந்தாய். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பெண்டாட்டியைக் கூப்பிட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

பிறகு வலது பக்கத்தைப் படித்தேன்.

'சிப்பாய்ப் படைக் கொடி. எப்படி இருந்தது என்று தெரியவில்லை. எங்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. மச்சான் போட்டது கூட்டணிக் கொடி. சரித்திரத்தில் இப்படி ஒன்று கிடையாது. ஒரு வாரம் கண்ணை வருத்திப் போட்டிருக்கிறான். இருக்கட்டும்.'

எழுத்துக் கூட்டும்போது தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று நாலு தடவை படித்தேன். தப்பில்லை. இத்தனை வருஷம் கோட்டை வாசலுக்கு நேரே என் தப்பை நிறுத்திவைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பார்த்துக்கொண்டே என்னோடு காபி குடித்திருக்கிறாய்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை வந்தது, மறைக்கவில்லை. இடது பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும். வலது பக்கம் யாருக்கும் தேவையில்லை. கடை வரைக்கும் போனேன். கரண்ட் இல்லை என்றார்கள். இருந்திருந்தால் எடுத்திருப்பேனோ என்னவோ. நோட்டோடு மறுநாள் கண்காட்சி மண்டபத்துக்குப் போனேன்.

செயலாளர் நோட்டுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "நானே படிக்கறேன்" என்றேன். நின்றுகொண்டு படித்தேன், மச்சான். ஒவ்வொரு எழுத்தாக. அவருடைய போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. பந்தல்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். 'ஆதாரம்' என்கிற இடத்தில் திக்கினேன், யாரும் சிரிக்கவில்லை. இடது பக்கம் முடிந்தது.

"பலே" என்றார் அவர். "புஸ்தகம், பக்கம் மொதக்கொண்டு எழுதியிருக்காரே. சரி, வெள்ளக் கொடி இருக்கட்டும். எல்லாக் கொடியும் ஆதாரப்பூர்வமானதுன்னு போர்டு வச்சிடலாம்." பிறகு குனிந்து என் சிப்பாய்ப் படையைப் பார்த்தார். "இது யாரு போட்டது? ரெண்டு கொடி, புலிவரி! இதான் டாப்பு. இத முன்னால வைங்க. நோட்டீஸ்ல இந்தப் படத்ததான் போடப்போறேன்."

ஸ்டெல்லா பெருமையாக என்னைப் பார்த்தாள். அவர் மட்டும் போர்டு என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு சார்" என்றேன். வலது பக்கத்தையும் படித்தேன். சரித்திரத்தில் இப்படி ஒன்று கிடையாது என்பதைத் திக்காமல் படித்தேன்.

செயலாளர்தான் சமாதானமாகச் சொன்னார். "பரவால்ல பெரியவரே. யாருக்குத் தெரியப்போவுது? நல்லாதான இருக்கு. இருக்கட்டும்."

"இதையேதான் அவனும் எழுதியிருக்கான்" என்றேன். "அவன் சொல்லியே நான் கேக்கல. நீங்க சொல்லியா கேக்கப் போறேன்?"

கொடிக்காரனைத் தூக்கி, கம்பிலிருந்து இரண்டு காகிதத்தையும் நகத்தால் உரித்தேன். பசை நல்ல பசை, சுலபத்தில் வரவில்லை. கடைசியில் வந்தது. வெறும் கம்போடு அவனைப் படைக்கு நடுவில் திரும்ப நிறுத்தினேன். ஒரு அட்டை வாங்கி, 'இந்தப் படையின் கொடி எப்படி இருந்தது என்று தெரியவில்லை' என்று என் கையாலேயே எழுதி முன்னால் வைத்தேன். 'எப்படி'யில் ஒற்றெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, ஸ்டெல்லா காட்டியதும் வைத்தேன்.

கண்காட்சியில் நிறையப் பேர் அந்த அட்டையைத்தான் நின்று படித்தார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "தெரியலன்னு எழுதிவச்ச ஆளு யாருப்பா?" என்று கேட்டார். "நான்தாம்மா" என்றேன். "நல்ல ஆளு" என்றார். பாராட்டா கிண்டலா தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜனங்களுக்கு முன்னால் ஸ்டெல்லாவும் நானும் ஆடினோம். உன் இடத்தில் நான், பிரெஞ்சுப் பக்கம். உன் சட்டப்படி கொடி இல்லாத படை நகரக் கூடாது. நகர்த்தவில்லை. சுற்றி நின்றவர்கள் "தள்ளுங்க தாத்தா, தள்ளுங்க!" என்று கத்தினார்கள். விரலைக்கூட வைக்கவில்லை. சுத்தமாகத் தோற்றேன். எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் உன்மேல்தான். என்ன நினைத்துக்கொண்டு விட்டுவைத்தாய்? எழுதப் படிக்கத் தெரியாதவன், பாவம், மனசு உடைந்துபோவான் என்றா? கன்னத்தில் அடித்த கட்சிக்காரன் உன்னைவிட மேல், மச்சான். அவன் என்னைத் தொழில்காரனாக நினைத்து அடித்தான். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் உரித்திருப்பேன். நீ கடைசிவரை சொல்லவில்லை. நோட்டை மட்டும் என்னிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனாய். நான் படித்துவிடுவேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்தால் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வருகிறது.

நோட்டில் இன்னும் முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கிறது. ஒன்றையும் விடப்போவதில்லை. நீ எங்கெல்லாம் 'இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறாயோ, அங்கெல்லாம் உரித்துவிட்டுத் திரும்பப் போடுவேன். பிரஷ் பிடிக்கும்போது கை நடுங்குவதில்லை, எழுதும்போதுதான். நேற்று குதிரைப்படைப் பக்கத்தைப் பிரித்தேன். இரண்டாவது வரியிலேயே 'மச்சான்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே எறும்பு ஊர்வது கொஞ்சம் ஜாஸ்தி. எழுத்துக் கூட்டி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். அதற்குள் அங்கே உட்கார்ந்து நல்ல சாக்காக ஒன்று யோசித்து வை.